இருவரும் சம்மதித்த மணவிலக்கு: என்னென்ன தாள்கள் தயார் செய்ய வேண்டும்?

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டோம். அடிதடி கிடையாது, மூன்றாம் ஆள் கிடையாது. பெரியவர்களை உட்காரவைத்துப் பேசியாயிற்று, ஆலோசகரிடமும் போய் வந்தாயிற்று, இனிச் சேர்ந்திருப்பது இரண்டு பேருக்கும் நல்லதில்லை என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. வழக்காடும் எண்ணம் இருவருக்குமே கிடையாது.

என் விவரம் இதுதான். நான் இங்கே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், குடியுரிமை உண்டு. அவர் பிஆர் (நிரந்தரவாசி), இந்தியப் பாஸ்போர்ட். கல்யாணம் 2014-ல் திருச்சியில், அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள். மறுவிற்பனையில் வாங்கிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது, 2018-ல் குடிவந்தோம். மகள் என்னோடு இருப்பாள், அவர் வாராவாரம் பார்ப்பார் என்று பேசிவைத்திருக்கிறோம்.

தெரிந்தவர்களைக் கேட்டால் “ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு கையெழுத்துதானே” என்கிறார்கள். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது, ஒரு பக்கத்தில் இருக்கும் படிவத்தின் பெயர் இன்னொரு பக்கத்தில் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது: உண்மையில் எந்தெந்தத் தாள்கள் வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்? இந்தியாவில் நடந்த கல்யாணத்தை இங்கே முடித்தால் அங்கே செல்லுமா? அப்புறம் முக்கியமாக, யார் மீதாவது குற்றம் எழுதித்தான் ஆக வேண்டுமா? அவர் நல்ல அப்பா. அவரைப் பற்றித் தவறாக ஒரு வரி எழுதவும் எனக்கு மனமில்லை, மகள் வளர்ந்தபிறகு அந்தக் கோப்பைப் படிக்கக்கூடும்.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கோப்புக்காரி:

சகோதரி, ஒரு சட்ட நிறுவனத்தில் குடும்ப வழக்குக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆகவே கோப்பு எப்படி நகர்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் பலர் அதிலேயே மனம் உடைந்துபோகிறார்கள். முன்பெல்லாம் உடனே பிரிய வேண்டும் என்றால் ஒருவர் மற்றவர் மீது தகாத உறவு என்றோ, சேர்ந்து வாழ முடியாத நடத்தை என்றோ எழுத வேண்டியிருந்தது. பழி சொல்லாமல் பிரிய நினைத்தால் மூன்று வருடம் தனித்தனியாக வாழ்ந்து காட்ட வேண்டும், மற்றவர் சம்மதிக்கவில்லை என்றால் நான்கு வருடம். 1 ஜூலை 2024 முதல் இங்குள்ள திருமணச் சட்டமான மாதர் சாசனத்தில் பரஸ்பர உடன்பாட்டு மணவிலக்கு நடப்புக்கு வந்துவிட்டது. ஆகவே யார் மீதும் குற்றம் எழுத வேண்டாம். “எங்கள் மணவாழ்க்கை சீர்செய்ய முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது, இருவரும் ஒப்புக்கொள்கிறோம்” என்று சேர்ந்தே சொல்லலாம்.

ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த உடன்பாட்டுத் தாளில் மூன்று விஷயம் இருந்தாக வேண்டும்: முறிவு ஏற்பட்டது என்ற முடிவுக்கு ஏன் வந்தீர்கள், சேர்ந்து வாழ என்ன முயற்சி எடுத்தீர்கள், பிள்ளை விஷயத்திலும் பண விஷயத்திலும் என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் மறுபடி சேர்ந்து வாழ நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் அந்த உடன்பாட்டை ஏற்க மறுக்கும், ஆலோசனைக்கோ சமரசத்துக்கோ அனுப்பவும் முடியும். “ஒத்துப்போகவில்லை” என்று மொட்டையாக எழுதினால் கேள்வி திரும்பி வரும். நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்களே, பெரியவர்கள் பேசியது, ஆலோசகரிடம் போனது, அதையெல்லாம் எந்த வருடம் என்பதோடு நாலைந்து வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. “பிள்ளை பிறந்தபின் வேலை நேரம் மாறியது, பேச்சு குறைந்தது, இன்ன வருடத்திலிருந்து தனி அறையில் இருக்கிறோம், இன்ன வருடம் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசனைக்குப் போனோம், அதன் பிறகும் மாறவில்லை” என்ற அளவில் இருந்தால் படிப்பவருக்குப் போதுமானது. மகள் ஒருநாள் படித்தாலும் அவளுக்குக் காயம் படாது.

படிவங்களின் பெயர் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், 15 அக்டோபர் 2024-ல் புதிய குடும்ப நீதி விதிகள் வந்தன. அதற்கு முன் ‘ரிட்’ என்று சொன்னது இப்போது ‘ஒரிஜினேட்டிங் அப்ளிகேஷன்’. வாதி, பிரதிவாதி போய் விண்ணப்பதாரர், எதிர்மனுதாரர் ஆகிவிட்டார்கள். ‘ரிட்’ என்று எழுதியிருக்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள், நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கும் இப்போதைய படிவத்தை மட்டும் எடுங்கள்.

எதை முதலில் செய்வது? உங்களுக்கு 21 வயதுக்குக் கீழே பிள்ளை இருப்பதால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கோ-பேரண்டிங் புரோகிராமை (பிரிந்தபின் பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பது பற்றிய பயிற்சி) இருவரும் முடித்திருக்க வேண்டும். இணையத்தில் ஒரு பாடப்பகுதி, பிறகு ஆலோசகரோடு ஒரு சந்திப்பு. எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டோம், எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சம்மதித்தாலும் இது கட்டாயம்தான். பலருடைய கோப்பு நிற்கிற இடம் இது, ஒருவர் முடித்திருப்பார், மற்றவர் வேலை வேலை என்று தள்ளிக்கொண்டே போவார். இன்றைக்கே இருவரும் பதிவு செய்துவிடுங்கள்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே கையில் சேர்க்க வேண்டியவை: திருமணச் சான்றிதழ் (தமிழில் இருந்தால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து), இருவரின் அடையாள அட்டை, அவருடைய பாஸ்போர்ட், மகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டின் விவரமும் கடன் பாக்கிக் கணக்கும், வீட்டுக்காக மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) ஒவ்வொருவரும் எடுத்த தொகையின் கணக்கு. கடைசியில் சொன்னதை சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான நுழைவுக் கணக்கு) வழியாக அவரவர் தனித்தனியாகத்தான் எடுக்க முடியும், அதனால் அவரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பிள்ளை, வீடு, பணம், பராமரிப்புத் தொகை எல்லாவற்றிலும் முன்கூட்டியே உடன்பாடு இருந்தால் எளிய பாதையில் போகலாம். அதற்கு விண்ணப்பத்தோடு நீங்கள் ஒத்துக்கொண்டதை ஒப்புதல் ஆணையின் வரைவாக எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிபதி ஏற்றுக்கொண்டால் அது நீதிமன்ற ஆணையாகவே ஆகிவிடுகிறது. படிவங்களை நிரப்புவது ஒரு மாலை வேலை. இந்த ஆணையின் வாசகத்தை உருப்படியாக எழுதத்தான் நேரம் வேண்டும், என் அனுபவத்தில் பின்னால் எழும் சண்டைகள் அத்தனையும் இதில் அரைகுறையாக விட்ட வரியிலிருந்துதான் கிளம்புகின்றன.

எளிய பாதையில் பெரும்பாலும் நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டியதில்லை, தாள்களைப் பார்த்தே இடைக்காலத் தீர்ப்பு வரும். அதிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் இறுதித் தீர்ப்புக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த இறுதிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான், மறுமணம் செய்ய முடியாது.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகாதவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். முஸ்லிம் திருமணங்களுக்கு ஷரியா நீதிமன்றம், அது வேறு நடைமுறை.

---

தஞ்சாவூரான்:

இந்தியாவில் செல்லுமா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தில் இதை அலசி ஆராய்ந்திருக்கிறோம்.

முதலில், இங்கே வழக்குப் போட உரிமை இருக்கிறதா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். கணவன் மனைவியில் ஒருவருக்காவது சிங்கப்பூர் நிரந்தர வாழ்விடமாக இருக்க வேண்டும், அல்லது விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் குடிமகள், அதுவே போதும். கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்பது தடையில்லை.

அங்கே செல்லுபடியாவது வேறு விஷயம். இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி நடந்த கல்யாணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் கலைத்தால் அதை எப்போது ஏற்பது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. பொதுவாக, எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணத்துக்காக, அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும் நீதிமன்றம் கொடுத்ததாக இருக்க வேண்டும். இதற்கு விதிவிலக்குகளும் சொன்னார்கள், அதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும்: கணவன் மனைவி இருவரும் அந்த வெளிநாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று, மணவிலக்குக்குச் சம்மதித்திருந்தால் அதுவும் செல்லும். ஒருவர் தலைமறைவாக இருக்கும்போது மற்றவர் இங்கே தனியாக வாங்கி எடுத்துக்கொண்டு போவதுதான் அங்கே தகராறாகிறது.

அதனால் உங்கள் கோப்பில் அவருடைய சம்மதம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். தாள்கள் வந்தன, பார்த்தார், பதில் போடவில்லை என்ற நிலையில் விடாமல், சிங்கப்பூர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன், மணவிலக்குக்குச் சம்மதிக்கிறேன் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அவர் இந்தியக் குடிமகன், நாளைக்கு ஊரில் மறுமணம் செய்யப் போனால் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அவருக்காகவே இது தேவை.

இறுதிச் சான்றிதழ் வந்ததும் அதற்கு அப்போஸ்டில் முத்திரை (தாள் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கி வையுங்கள், சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் கொடுக்கிறார்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை இங்கே செப்டம்பர் 2021-ல் நடப்புக்கு வந்தது, இந்தியா முன்பே அதில் உறுப்பினர், ஆகவே தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

சிலர் “எதற்கு வம்பு, ஊரிலேயே 13பி பிரிவில் போட்டுவிடலாம்” என்பார்கள், இந்து திருமணச் சட்டத்தில் இருவர் சம்மதத்தோடு பிரிவதற்கான பிரிவு அது. அதற்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆறு மாதம். 2017-லிருந்து அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிபதி தளர்த்தலாம் என்றாலும், பிள்ளையும் வீவக வீடும் மசேநிதியும் இங்கே இருக்கும்போது ஆணையும் இங்கேயே இருப்பதுதான் உங்களுக்கு உதவும். அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே வீட்டைப் பிரிக்கப் போனால் மறுபடி இந்த நீதிமன்றத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

---

அமோகியோ அக்கா:

தங்கச்சி, நான் இந்த வழியைக் கடந்து வந்தவள். தாள்களைப் பற்றி மேலே சொன்னவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள், நான் பிள்ளையைப் பற்றியும் உன்னுடைய பராமரிப்புத் தொகையைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

“வாராவாரம் பார்ப்பார்” என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்கு இருவரும் நல்லபடி பேசிக்கொள்கிறீர்கள், அதனால் அது போதும் என்று தோன்றும். அவருக்கு வேலை மாறும், உனக்கு வேலை மாறும், யாராவது மறுமணம் செய்யக்கூடும். அன்றைக்கும் நிற்கிற மாதிரி எழுது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு, எங்கே வந்து அழைத்துக்கொள்வார், ஞாயிறு எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவார். ஜூன் விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள், டிசம்பர் விடுமுறையில் எப்படி. தீபாவளிக்குக் காலையில் ஒருவர் வீடு, மாலையில் இன்னொருவர் வீடு என்றா, ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்றா? பொங்கல், பிள்ளையின் பிறந்தநாள், இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாட்டி தாத்தா இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருக்கிற நாள்கள் இவைதான். எழுதிவைத்தால் பிள்ளைதான் நிம்மதியாக இருக்கும், யாரிடம் போவது என்று அதன் வாயால் சொல்லவேண்டியிருக்காது.

கஸ்டடி என்பதும் பிள்ளை யாரோடு வசிக்கிறது என்பதும் வேறுவேறு, இதைக் குழப்பிக்கொள்ளாதே. பள்ளி, மருத்துவம், சமயம் மாதிரி பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுப்பது கூட்டுக் கஸ்டடி, பெரும்பாலும் நீதிமன்றம் விரும்புவதும் அதைத்தான். அன்றாடம் வளர்ப்பது ஒருவர், மற்றவருக்குப் பார்க்கும் உரிமை. உன் கணவருக்கு இதை எடுத்துச் சொல், “பொண்ணு உனக்குத்தானே போயிட்டா” என்று அவர் மனம் நோகாமல் இருக்கும்.

ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது பற்றியும் எழுது. ஆணை வந்தபின் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும், பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குள் போய்வருவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அவருடைய அப்பா அம்மா திருச்சியில் இருப்பார்கள், பேத்தியைப் பார்க்க ஆசைப்படுவார்கள். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், டிக்கெட் விவரம் தர வேண்டுமா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்று இப்போதே பேசி முடித்துவிடு.

பிள்ளைக்கான செலவு 21 வயதோடு நின்றுவிடும் என்று எழுதிவிடாதே, அப்போதும் அவள் படித்துக்கொண்டிருக்கலாம். ஆண்பிள்ளை உள்ளவர்கள் தேசிய சேவைக் காலத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

உன்னுடைய பராமரிப்புத் தொகை. “எனக்கு எதுவும் வேண்டாம், நான் சம்பாதிக்கிறேன்” என்று சொல்லத் தோன்றும், நம் பெண்களில் நிறையப் பேருக்கு அது மானப் பிரச்சினை. ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பின்னால் உடம்பு சரியில்லாமல் போனாலும் வேலை போனாலும் கேட்க வழியில்லை. மாதம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம் முக்கியமில்லை, நிலைமை மாறினால் தொகையைக் கூட்டிக் கேட்கும் உரிமை திறந்திருக்கும், அதற்காகத்தான். நீ மறுமணம் செய்தால் அது தானாக முடிந்துவிடும். எது வேண்டும் என்பது உன் முடிவு, தெரிந்து முடிவு செய்.

பேச ஆள் வேண்டும் என்றால் சிண்டாவில் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தமிழிலேயே பேசலாம். இதைத் தனியாகச் சுமக்காதே.

---

பொங்கோல்வாசி:

அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன், நல்ல அழுகைதான். எல்லாருக்கும் நன்றி. தஞ்சாவூரான் சொன்னதை அவரிடமும் காட்டினேன், சம்மதத்தை எழுதித் தருவதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

வீட்டைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருப்பது இது: “வீட்டை விற்று, வரும் பணத்தில் கடனைக் கட்டியபின் மீதியை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம்.” இது போதுமா? அல்லது நானே வீட்டை எடுத்துக்கொள்வதாக எழுதலாமா, மகளின் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது.

---

கோப்புக்காரி:

போதாது. நான் மேலே சொன்ன அரைகுறை வரி என்பது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. வீடு 550,000 வெள்ளிக்கு விற்கிறது, கடன் பாக்கி 180,000. மீதி 370,000. இதில் அவர் வீட்டுக்காக மசேநிதியிலிருந்து எடுத்தது வட்டியோடு 140,000, நீங்கள் எடுத்தது வட்டியோடு 90,000. விற்றால் அந்தப் பணம் முதலில் அவரவர் மசேநிதிக் கணக்குக்குத் திரும்பிப் போக வேண்டும், எடுத்த அசல் மட்டுமல்ல, எடுக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் 2.5 விழுக்காடு வட்டியும் சேர்ந்து.

இப்போது “மீதியைச் சரிபாதி” என்றால் எந்த மீதி? மசேநிதிக்குத் திருப்புவதற்கு முன்னால் உள்ள 370,000-ஐப் பிரித்தால் ஆளுக்கு 185,000, அதாவது அவருக்கு 140,000 மசேநிதியில், 45,000 ரொக்கம். உங்களுக்கு 90,000 மசேநிதியில், 95,000 ரொக்கம். மசேநிதிக்குத் திருப்பியபின் கையில் நிற்கும் 140,000-ஐப் பிரித்தால் ஆளுக்கு 70,000 ரொக்கம், மொத்தத்தில் அவருக்கு 210,000, உங்களுக்கு 160,000. அதே வரி, இரண்டு அர்த்தம், உங்கள் பங்கில் 25,000 வெள்ளி வித்தியாசம். இரண்டில் எதுவும் தவறில்லை, நீங்கள் இருவரும் எதை நினைத்தீர்களோ அதை எழுத வேண்டும். முகவரின் தரகு, சட்டச் செலவு யார் கணக்கில், எத்தனை மாதத்துக்குள் விற்க வேண்டும், விலை இறங்கினால் எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, விற்கும்வரை மாதத் தவணையை யார் கட்டுவது, இவையும் அதே பத்தியில் வரட்டும்.

வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்வதானால் ஆணையில் எழுதுவதற்கு முன் வீவக-விடம் நீங்கள் தகுதி பெறுகிறீர்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நீங்கள் குடிமகள், மகள் உங்களோடு வசிக்கப்போகிறாள், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்து வருடமும் தாண்டிவிட்டது, ஆகவே நம்பிக்கையோடு கேட்கலாம். அடுத்தது கடன். இருவர் பெயரில் இருப்பதை உங்கள் ஒருவர் சம்பளத்துக்கு மாற்ற வங்கியோ வீவக-வோ சம்மதிக்க வேண்டும். அவருடைய மசேநிதிக்கு எவ்வளவு திருப்பித் தரப்போகிறீர்கள், ரொக்கமாக எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை எண்ணாக எழுதுங்கள். ஒருவேளை அந்தத் தேதிக்குள் முடியவில்லை என்றால் வீட்டைத் திறந்த சந்தையில் விற்பது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டியிருக்காது.

---

உட்லண்ட்ஸ் தம்பி:

செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே. எளிய பாதைக்கு வழக்கறிஞர்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையாகப் பேசுகிறார்கள், 1,500 வெள்ளியை ஒட்டித் தொடங்கும், பிள்ளையும் வீடும் இருந்தால் கூடும். வாங்கும் தொகையில் நீதிமன்றக் கட்டணமும் சத்தியப்பிரமாணச் செலவும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் பேச முடியாது. நீங்கள் ஒருவரை வைத்தால் அவர் உங்கள் வழக்கறிஞர் மட்டும்தான், உங்கள் கணவர் தனியாகவே இருக்கலாம், அது தடையில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவதற்குமுன் அவர் தன் பங்குக்கு ஒருவரிடம் காட்டிப் படித்துவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு. புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் முன்பதிவு செய்து காட்டலாம். அங்கே நேரம் குறைவு, அதனால் வரைவை அச்செடுத்து, சந்தேகம் உள்ள வரிகளுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். வருமானம் குறைவாக உள்ளவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவில் விண்ணப்பிக்கலாம்.

வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடவும் முடியும். அப்படிப் போட நினைப்பவர்கள் ஒப்புதல் ஆணையை மட்டுமாவது வழக்கறிஞரிடம் காசு கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து, படிவங்களில் வரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம், ஆணையில் வரும் பிழையோடு வாழ வேண்டியிருக்கும்.

---

பொங்கோல்வாசி:

அந்த 25,000 வெள்ளிக் கணக்கை நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தோம். மசேநிதிக்குத் திருப்பியபின் வருவதைப் பிரிப்பது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார், நான் மற்றதை. கோபப்படாமல் பேசி நடுவில் ஓர் எண்ணுக்கு வந்துவிட்டோம். இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. அவருக்கு ஆங்கிலம் பேச வரும், ஆனால் சட்ட ஆங்கிலம் பிடிபடவில்லை. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க முடியுமா? அப்புறம் எல்லாம் முடிந்தபின் ஏதாவது பாக்கி இருக்குமா?

---

கோப்புக்காரி:

வாக்குமூலம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் புரியாமல் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சத்தியப்பிரமாணம் எடுக்கும் கமிஷனர் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் வாசித்து விளக்கலாம், அப்படி விளக்கப்பட்டது என்று கையெழுத்துப் பகுதியிலேயே குறிப்பு வரும். தமிழ் தெரிந்த கமிஷனர்களும் இருக்கிறார்கள், முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். தஞ்சாவூரான் சொன்ன இந்திய விஷயத்துக்கும் இது பலம், புரிந்துதான் சம்மதித்தார் என்பது தாளிலேயே இருக்கும். அவசரப்படுத்தி “இங்கே போடுங்க, இங்கே போடுங்க” என்று யாராவது பக்கத்தைப் புரட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

முடிந்தபின் பாக்கி உண்டு. நீங்கள் மசேநிதியில் அவரை நியமனதாரராக (உங்களுக்குப் பின் பணம் பெறுபவராக) போட்டிருந்தால் மணவிலக்கினால் அது ரத்தாகாது. கல்யாணம் செய்தால்தான் பழைய நியமனம் ரத்தாகும், பிரிந்தால் அப்படியே நிற்கும். உயிலுக்கும் அதே கதைதான். காப்புறுதியில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். மகளின் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ஆணையின் நகல் ஒன்று கொடுத்து, யார் அழைத்துப்போகலாம் என்று தெரிவித்துவிடுங்கள். கணவரின் அனுமதிச் சீட்டை நம்பி இங்கே தங்கியிருக்கும் மனைவிமார் யாராவது இதைப் படித்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தங்கும் உரிமையைப் பற்றி விசாரித்துவிடுங்கள், சார்ந்திருப்போர் அனுமதி கல்யாணத்தை ஒட்டியே நிற்பது.

கமிஷனரிடம் போகிற அன்றைக்கு அடையாள அட்டையின் அசல் இருவரிடமும் இருக்கட்டும், கைப்பேசியில் உள்ள படம் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். கையெழுத்தை அங்கே போய்த்தான் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள்.